மாணவர் ஸ்குவாஷ் லீக் விதிகள்: நான்கு செமஸ்டர் புழங்கிய பிறகு

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொழுதுபோக்கு லீக்கில் நான்கு செமஸ்டர்களாகப் பயன்படுத்தப்படும் ஸ்குவாஷ் விதித்தாளைப் பற்றிய மதிப்பீடு இது. அடிப்படை உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பின் விதிகள்தான்: யார் சர்வ் போட்டாலும் ரேலியை வென்றவருக்குப் பாயிண்ட், 11 வரை ஒரு கேம், 10-10 ஆனால் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வர வேண்டும், ஐந்து கேமில் மூன்றை வென்றவர் வெற்றியாளர். அந்த விதிகளில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் நடுவர் இருப்பார், ஆட்டக்காரர்களுக்கு ஏற்ற பந்து இருக்கும், கோர்ட்டின் வெப்பம் மாறாமல் இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை அவை. மாணவர் லீக்கில் இந்த மூன்றும் கிடையாது. உள்ளூரில் சேர்த்த விதிகளில் இந்த மூன்று ஓட்டைகளில் ஒன்றை அடைத்தவை நிலைத்தன. மற்றவை ஒரு செமஸ்டருக்குள் காணாமல் போயின.

அதிகப் பலன் தந்தது பந்தைப் பற்றிய ஒரே ஒரு வரி: குளிர்சாதனக் கோர்ட்டில் மூன்றாம் பெட்டிக்கும் (பெட்டி என்பது லீக்கில் தரவரிசைப்படி பிரித்த ஐவர் குழு) அதற்குக் கீழும் ஒற்றை மஞ்சள் புள்ளி போட்ட, சற்று அதிகம் துள்ளும் பந்து (சிங்கிள் டாட்), மற்ற எல்லா ஆட்டத்துக்கும் இரட்டை மஞ்சள் புள்ளி போட்ட பந்து (டபுள் டாட்). முன்பு எல்லோருக்கும் டபுள் டாட் என்று இருந்தது. தொழில்முறை ஆட்டத்தில் அதுதானே பந்து என்ற நினைப்பு. ஸ்குவாஷ் பந்து 40 மில்லிமீட்டர் விட்டமும் 24 கிராம் எடையும் உள்ள, காற்றடைத்த ரப்பர் உருண்டை. சூடேறினால்தான் துள்ளும். தேர்ந்தவர்கள் ஆடும்போது டபுள் டாட் ஏறக்குறைய 45 பாகை செல்சியஸ் வரை சூடாகி அங்கே நிற்கும். விடாமல் ஓங்கி அடித்தால்தான் அந்தச் சூடு தங்கும். புதியவர்களின் ரேலி நான்கைந்து அடியில் முடிந்துவிடுகிறது. பந்து தரையில் உருண்டு ஆறுகிறது. 22 பாகைக் குளிரில் பின்மூலைக்குப் போன பந்து கணுக்கால் உயரம்கூட எழும்பாது. மூலையில் சர்வ் போடத் தெரிந்தவர் வரிசையாகப் பாயிண்ட் எடுப்பார். 11-2, 11-3 என்று வரும் அந்த ஸ்கோர் திறமையைக் காட்டுவதில்லை. பந்து செத்துக் கிடந்ததைத்தான் காட்டுகிறது.

விசிறி மட்டும் ஓடும் பழைய கோர்ட்டில் நிலைமை தலைகீழ். மதியம் மூன்று மணிக்கு வெளியே 33 பாகை என்றால் உள்ளே அதற்குக் குறையாது. அங்கே சிங்கிள் டாட் பந்து பின்சுவரில் பட்டு நடுக்கோர்ட் வரை திரும்பி வரும். ரேலி முடியவே முடியாது, 45 நிமிடப் புக்கிங்கில் இரண்டு கேம் தாண்டாது. அதனால் அங்கே கடைசிப் பெட்டிக்கும் டபுள் டாட்தான். தயாரிப்பாளர் டன்லப்பின் கணக்கில் இரண்டு பந்துக்கும் உள்ள வித்தியாசம் சிறியது: சிங்கிள் டாட் காற்றில் நிற்கும் நேரம் 10 விழுக்காடு கூடுதல், அவ்வளவுதான். கோர்ட்டின் சூடு அந்த வித்தியாசத்தை எளிதாக விழுங்கிவிடும். பந்தை ஆளுக்கு ஏற்ப மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் விதித்தாள் நம் ஊருக்குப் பாதிதான் பொருந்தும்.

ரேலி நடுவில் பந்து உடைந்தால் அந்தப் பாயிண்ட் மறுபடி ஆடப்படும். மேற்பரப்பு வழவழப்பாகிப் பளபளக்கத் தொடங்கிய பந்து சுவரில் பிடிக்காமல் வழுக்கும். உடையும் வரை காத்திருக்காமல் அப்போதே மாற்றுவது நல்லது.

அடுத்தது, எதிராளி வழி மறித்தால் வரும் தீர்ப்புகள்: லெட் (ரேலியை மறுபடி ஆடுவது), ஸ்ட்ரோக். பூசல் எல்லாம் இங்கேதான் பிறக்கிறது. காரணத்தைத் தேடிப் பார்த்தால் அது பெரும்பாலும் பூப்பந்தில் போய் நிற்கும். இங்கே லீக்கில் சேருபவர்களில் பெரும்பாலோர் பள்ளியிலிருந்து பூப்பந்து ஆடி வந்தவர்கள். மணிக்கட்டு வேகம் இருக்கிறது, கால் இருக்கிறது, பந்தைப் படிக்கும் கண் இருக்கிறது. ஆனால் பூப்பந்தில் எதிராளி வலைக்கு அப்பால் நிற்பவர். அடித்த பிறகு அவருக்கு வழி விட வேண்டும் என்ற பழக்கமே வளராது. நேராக ஒரு டிரைவ் அடித்துவிட்டு, குறுக்குவழியில் பின்வாங்கி நடுவில் உள்ள டி கோட்டுக்கு வருவார்கள். எதிராளி பந்துக்குப் போக வேண்டிய பாதையும் அதுவே. சொல்லித்தர வேண்டியது ஒன்றுதான்: அடித்ததும் நேர்கோட்டில் திரும்பாமல், பந்தின் பாதையை விட்டு விலகி வளைந்து டிக்கு வர வேண்டும். தொடக்க நாளில் இதைப் பத்து நிமிடம் ஆடிக் காட்டினால், பக்கம் பக்கமாக விதி எழுதுவதைவிட நல்லது.

விதிப்படி அடிப்பவருக்கு நான்கு உரிமைகள் உண்டு: பந்தைத் தெளிவாகப் பார்ப்பது, அதை நோக்கி நேராகப் போவது, மட்டையை நியாயமான அளவில் வீசுவது, முன்சுவர் முழுவதற்கும் அடிப்பது. இவற்றில் ஒன்று தடைபட்டால் வரிசையாக மூன்று கேள்விகள். பந்தை எட்டி நல்ல அடி அடித்திருக்க முடியுமா? முடியாது என்றால் நோ லெட், அதாவது பாயிண்ட் எதிராளிக்கு. முடியும் என்றால், எதிராளி விலக எல்லா முயற்சியும் எடுத்தாரா? இல்லையென்றால் ஸ்ட்ரோக், அதாவது பாயிண்ட் அடிப்பவருக்கு. எடுத்திருந்தாலும், அந்த அடி வெற்றி அடியாக இருந்திருக்குமா? ஆம் என்றாலும் ஸ்ட்ரோக், இல்லையென்றால் லெட். வீச்சை உடம்பாலேயே மறித்து நின்றால், விலக முயன்றாலும் ஸ்ட்ரோக்தான். இந்த வரிசையை விதித்தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் அச்சிட்ட பிறகு வாக்குவாதம் குறைந்தது. அதற்கு முன்பு எதற்கெடுத்தாலும் "லெட், லெட்" என்றுதான் போகும். வழி மறித்தவருக்கு அது இலவச இரண்டாம் வாய்ப்பு. நோ லெட் என்று சொல்லக் கூச்சப்படும் நண்பர்கள் தங்களையறியாமல் மோசமாக நகர்பவருக்குப் பரிசு கொடுக்கிறார்கள்.

நடுவரில்லா ஆட்டத்தில் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் லெட். ஸ்கோரில் குழப்பம் வந்தால் இருவரும் ஒப்புக்கொண்ட கடைசி ஸ்கோருக்குத் திரும்ப வேண்டும். சர்வ் போடுபவர் ஒவ்வொரு சர்வுக்கும் முன் தன் ஸ்கோரை முதலில் வைத்து உரக்கச் சொல்ல வேண்டும். பந்து இரண்டாவது முறை தரையில் பட்டதா என்பதை அடித்தவரே சொல்ல வேண்டும். இந்தச் சின்ன விதிகள் நன்றாகவே ஓடுகின்றன.

ஒன்றில் மட்டும் கூட்டமைப்பின் விதியைவிடக் கடுமை காட்டியிருக்கிறோம். பந்து பக்கச்சுவர், பின்சுவர் என்று சுற்றி வரும்போது கூடவே உடம்பைத் திருப்பி மறுபக்கத்தில் அடிப்பது. அப்படித் திரும்பி அடித்த பந்து எதிராளி மீது பட்டால் பாயிண்ட் எதிராளிக்கு என்பது பொது விதி. எங்கள் லீக்கில் திரும்பி அடிப்பதே தடை. நின்று லெட் கேட்க வேண்டும், கேட்டால் கிடைக்கும். திரும்பும் ஆளுக்கு எதிராளி எங்கே நிற்கிறார் என்று தெரியாது. எதிராளியோ என்ன நடக்கிறது என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணில் அடிபடுவது இந்தக் கணத்தில்தான்.

கண்ணாடி விதியை ரேக்கெட்பாலிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அமெரிக்க ஆட்டமான அதில் 57 மில்லிமீட்டர் பந்துக்கே கண்காப்பு கட்டாயம், மட்டைக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டுவதும் கட்டாயம். ஸ்குவாஷ் பந்து அதைவிடச் சிறியது, கண்குழிக்குள் அப்படியே பொருந்தும். ஆனாலும் உலகக் கூட்டமைப்பு கண்ணாடியை இளையோருக்கும் இரட்டையருக்கும்தான் கட்டாயமாக்கியிருக்கிறது. மாணவர் லீக்கில் எல்லோருக்கும் கட்டாயம் என்பதே சரி. பாலிகார்பனேட் லென்ஸ், ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் எஃப்803 அல்லது எஃப்3164 முத்திரை. படிக்கும் கண்ணாடி இதற்கு ஈடாகாது, உடைந்தால் அதுவே ஆபத்து. ஆனால் இந்த ஊரின் ஈரப்பதத்தில் பத்தாவது நிமிடமே லென்ஸ் பனி மூடும், மூடியதும் கழற்றி வைத்துவிடுவார்கள். பக்கவாட்டில் காற்றோட்டத் துளை உள்ள சட்டம், நெற்றிப்பட்டை, ஆட்டத்துக்கு முன் லென்ஸில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு தேய்த்துத் துடைப்பது: இந்த மூன்றையும் சொல்லித்தராமல் விதியை மட்டும் போட்டால் காகிதத்தோடு நின்றுவிடும்.

ரேக்கெட்பால் ஆடிப் பழகி வருபவர்களிடம் மூன்று விஷயங்களை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே கூரையில் பட்டால் அவுட். முன்சுவரின் அடியில் டின் என்ற 48 சென்டிமீட்டர் உயரப் பட்டை இருக்கிறது, பந்து அதற்கு மேலே பட வேண்டும். சர்வுக்கு ஒரே வாய்ப்பு. அவர்களுக்குப் பெரும்பாலான பிரிவுகளில் இரண்டு.

மழை விதி தனிக் கதை. குளிர்சாதனம் ஓடிய கோர்ட்டின் கதவைத் திறந்து வைத்தால், மழை நாளின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரிலும் தரையிலும் வியர்த்துப்போகும். பந்து சுவரில் பிடிக்காமல் வழுக்கிக் கீழே விழும், கால் சறுக்கும். ஆட்டத்துக்கு முன் முன்சுவரின் கீழ்ப்பகுதியை உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொல்கிறது விதித்தாள். கை நனைந்தால் ஆட்டம் ஒத்திவைப்பு, இருவருக்கும் தண்டனை இல்லை. தரையில் வியர்வை சிந்தினால் எவரும் ஆட்டத்தை நிறுத்தித் துடைக்கலாம். காலணிக்குத் தரையில் கோடு போடாத ரப்பர் அடி வேண்டும். பூப்பந்துக் காலணி போதும். ஓட்டக் காலணியின் உயர்ந்த அடிப்பகுதியால் கணுக்கால் மடங்கும். நீண்ட நாள் அலமாரியில் கிடந்த காலணியை வளைத்துப் பார்க்காமல் மாட்டக் கூடாது. நம் ஈரப்பதத்தில் அடிப்பாகத்து நுரை உள்ளுக்குள்ளேயே பொடிந்து, ஆடும்போது அப்படியே கழன்று வரும்.

லீக் அமைப்பு பெட்டி முறை. ஒரு பெட்டிக்கு ஐந்து பேர், நான்கு வாரத்தில் ஒவ்வொருவரும் மற்ற நால்வருடன் ஆட வேண்டும், முதல் இருவர் மேலே, கடைசி இருவர் கீழே. 14 வார செமஸ்டரில் மூன்று சுற்று, இரண்டு வாரம் மிச்சம். தைப்பூசம், தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்பு மாதம் எது குறுக்கே வந்தாலும் அந்த மிச்சம் தாங்கும். ஆட வந்ததற்கு 1 புள்ளி, வென்ற ஒவ்வொரு கேமுக்கும் 1, ஆட்டத்தை வென்றால் கூடுதலாக 2. 3-2 என்றால் 6-3. 3-0 என்றால் 6-1. தோற்றவர் கடைசிக் கேம் வரை போராட இதில் காரணம் இருக்கிறது. எதிராளி வராவிட்டால் வந்தவருக்கு 6 அல்ல, 4. ஆறு கொடுத்த செமஸ்டரில், ஒரு கேமும் ஆடாதவர்கள் அடித்து வென்றவர்களுக்குச் சமமாக மேலே ஏறினார்கள்.

இன்னும் சரிவராதது நேரம். புக்கிங் 45 நிமிடம். வார்ம்அப் 4 நிமிடம், கேம் ஒன்றுக்குச் சராசரி 8 என்று வைத்தால் ஐந்து கேமுக்கு 40, இடைவேளையை ஒரு நிமிடமாகச் சுருக்கினாலும் இன்னொரு 4. மொத்தம் 48. இப்போதைய விதி, மணி அடிக்கும்போது நடக்கும் கேமில் இரண்டு பாயிண்டுக்கு மேல் முன்னணியில் இருப்பவருக்கு அந்தக் கேம் என்கிறது. முன்னணியில் இருப்பவர் அப்போது சர்வுக்கு முன் பந்தை ஐந்து முறை தட்டுகிறார், மட்டைப் பிடியைச் சரிசெய்கிறார், கண்ணாடியைத் துடைக்கிறார். வரும் செமஸ்டரில் இதை எடுத்துவிட்டு, 2-2 ஆனால் ஐந்தாவது கேம் 7 பாயிண்ட் என்று மாற்றிப் பார்க்கிறோம். இடைவேளை ஒரு நிமிடம், அதைக் கைப்பேசி மணிதான் சொல்லும்.