நெய்வேலியின் நீரை அளக்க எது தகும்: ஊர்க் கிணறா, பீசோமீட்டரா?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில், அழுத்தம் மிகுந்த நீர்த்தாங்கி, அதாவது நீர் நிறைந்த நிலத்தடி அடுக்கு, ஒன்று உள்ளது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பீறிடும் என்பதால், 1961-இல் நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்ட அவ்விடத்தில் இன்றும் இரவு பகலாக நீர் இறைக்கப்படுகிறது. இதனால் சுற்றுவட்டார நீர்மட்டம் எப்படி மாறுகிறது என்பதைக் கண்காணிக்க இரு வழிகள் உள்ளன. ஊர்க் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளப்பது ஒன்று. அளப்பதற்கென்றே இறக்கிய பீசோமீட்டர் குழாயில் தானியங்கிப் பதிவுக்கருவியைப் பொருத்துவது மற்றொன்று.

ஊர்க் கிணற்றுக்குச் செலவு மிகக் குறைவு. அளவை எடுக்கும்போது கிணற்றுக்கு உரியவரே அருகில் நின்று பார்க்கலாம் என்பது சிறிய நன்மையன்று. ஆனால் முந்தைய இரவு மோட்டார் ஓடிய கிணற்றில் டேப்பை இறக்கினால், கிடைக்கும் எண் அந்த மோட்டாரின் கதையையே சொல்லும். அளக்கும் மாதங்களிலும் சிக்கல் உண்டு. வழக்கமான அட்டவணைப்படி மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி மாதங்களில் அளக்கிறார்கள். இதில் நவம்பர் 'பருவமழைக்குப் பிந்தைய' அளவாகப் பதிவாகிறது. தென்மேற்குப் பருவமழையை நம்பியுள்ள மாநிலங்களுக்கு அது பொருந்தும். வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் கடலூர் மாவட்டத்தில், அதே நவம்பர் அளவு நடுமழையில் எடுத்ததாகவே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆழம் குறைந்த கிணறு மேல் அடுக்கை மட்டுமே காட்டும். சுரங்கம் இறைப்பதோ நிலக்கரிக்குக் கீழுள்ள அடுக்கை. பீசோமீட்டரின் மேன்மை இங்கேதான் இருக்கிறது, தானியங்கிக் கருவியில் அன்று. துளையிட்ட வடிகட்டிக் குழாயை வேண்டிய அடுக்கில் மட்டும் நிறுத்தி, அதற்கு மேலே களிமண்ணும் சிமென்ட்டும் இட்டு அடைத்துவிட்டால், அந்த ஓர் அடுக்கின் அழுத்தம் தனியே தெரியும். அடைப்பு கசிந்தால் இரு அடுக்குகளின் நீரும் கலந்து, துல்லியமான தோற்றத்துடன் தவறான எண்கள் பதிவாகிக்கொண்டே இருக்கும். மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், இறைக்கும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளிப் பீசோமீட்டர் அமைக்கவும், இரண்டாவது ஒன்று இருந்தால் அது ஆழம் குறைந்த அடுக்கைக் கண்காணிக்கவும் கூறுகின்றன.

மேற்பரப்பு நீரில் என் தீர்ப்பு வேறு. வெளியேறும் சுரங்க நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நிலக்கரிச் சுரங்கங்களுக்கான பொது வரம்பு. பாசன நிலத்துக்கு விடும் நீருக்கு 200 வரை சலுகை உண்டு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை குப்பியில் நீர் எடுத்தால், இடையில் கொட்டித் தீர்த்த மழையில் போன சேறு கணக்கில் வராது. அதற்கு, நீரின் கலங்கலை இடைவிடாது அளக்கும் கருவியான தொடர் கலங்கல்மானி தேவை. பாதரசத்துக்கோ குடிநீர் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், வாய்க்காலில் பொருத்தும் வழக்கமான உணரிகள் அதைக் காட்டா. குப்பியும் ஆய்வகமும்தான் வழி.

ஆகவே பணம் குறைவாக இருந்தால், இரு ஆழங்களில் இணைப் பீசோமீட்டர்களையே முதலில் அமைக்கலாம். மோட்டார் இல்லாத சில ஊர்க் கிணறுகளை அவற்றுக்குத் துணையாக வைத்து, அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதந்தோறும் அளக்கலாம். கலங்கல்மானி ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அப்பகுதி ஆறான பரவனாற்றில் சுரங்க நீர் கலப்பதற்கு முன்பே, வெளியேற்றும் வாயிலில் வைப்பதே சரி.