கம்ப்யூட்டருக்குப் புது கூலர் போட்டும் 100 டிகிரியா? 'வெயில்தான் காரணம்' என்றால் நம்பாதீர்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

தம்பி கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். அவனுக்காக இன்டெல் ஐ5-12600கே ப்ராசஸர் போட்டு ஒரு சிஸ்டம் வாங்கினோம். 'கே' வகை ப்ராசஸரோடு, அதன் சூட்டை இறக்கும் கூலர் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். ஒற்றை டவர் ஏர் கூலர் (ஒரே உலோக அடுக்கும் ஃபேனும் கொண்டது) ஒன்றைக் கடைக்காரரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மாட்டித் தர 500 ரூபாய் தனி. கேபினட்டை மூடி, திருகின் மேல் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) போட்டால், சில நொடிகளில் ப்ராசஸரின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இந்த ப்ராசஸருக்கு அதுதான் உச்ச வரம்பு. அங்கே போனதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துவிடும். புது சிஸ்டம், பழையதைவிட மெதுவாக ஓடியது. தம்பி ஒரு ஆல்பம் வேலையைக் குறித்த தேதியில் கொடுக்க முடியாமல் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கினான். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

கடையில் கேட்டால், "நம்ம ஊரு வெயில் சார், ஏசி ரூம்ல வைங்க" என்றார். அடுத்த முறை, "உங்க ரோட்டுல கன்டெய்னர் லாரி தூசி" என்றார். வாங்கிய வாரத்திலேயே எந்தத் தூசி அடைக்கும்? கடைசியில் விஷயத்துக்கு வந்தார்: "இந்த ப்ராசஸருக்கு ஏர் கூலர் தாங்காது, லிக்விட் கூலர் போட்டுடலாம்." திரவத்தை ஓடவிட்டுச் சூட்டை இறக்கும் அதற்கு இன்னும் பல ஆயிரம் ரூபாய்.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். ஏர் கூலர் அறைக் காற்றைக் கொண்டுதான் சூட்டை வெளியேற்றுகிறது. அறை 10 டிகிரி கூடினால் ப்ராசஸரும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். சென்னை வெயிலின் பங்கு அவ்வளவுதான். கேபினட்டுக்குள் காற்றோட்டம் சரியில்லை என்றால் சூடு நிமிடக் கணக்கில் மெல்ல ஏறும். நொடிகளில் 100-க்குப் பாய்ந்தால், பெரும்பாலும் கூலரின் அடித்தட்டு ப்ராசஸரோடு சரியாக ஒட்டவில்லை என்று பொருள்.

வியாசர்பாடியில் இருக்கும் நண்பன் வந்து பார்த்தான். சிஸ்டம் 100 டிகிரியில் ஓடும்போது பக்கத் தகட்டைக் கழற்றி ஹீட்சிங்கின் (கூலரின் உலோக அடுக்கு) மேல் விரலை வைத்தான். "மச்சான், இது சில்லுனு இருக்குடா. சூடு மேல வரவே இல்ல" என்றான். கூலரைக் கழற்றினால், அடித்தட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவே இல்லை! ப்ராசஸரிலிருந்து கூலருக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் அதன் மேலேயே அப்பியிருந்தது. மாட்டும் முன் உரிக்கச் சொல்லி அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. நான்கு திருகில் ஒன்று பாதிதான் இறங்கியிருந்தது.

தாளை உரித்து, பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தான். திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். ஃபேன் காற்று கேபினட்டின் பின்பக்கம் போகிறதா என்றும் பார்த்தான். இப்போது அதே கூலரில், அதே அறையில், ஏசி இல்லாமல், முழு ரெண்டரில் 80 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கிறது.

கழற்றும்போது எடுத்த வீடியோவைக் கடையில் காட்டினோம். "ஸ்டிக்கரைக் கிழிச்சிட்டீங்க, வாரண்டி போச்சு" என்றார்கள். மாட்டிய கூலி 500 ரூபாயைக்கூடத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

அசெம்பிள் செய்யக் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று, கூலரை வைக்கும் முன் அடித்தட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்தான்; அதைப் போட்டு, பத்து நிமிடம் முழு வேலை கொடுத்து வெப்பநிலையைப் பார்த்த பிறகே ஸ்டிக்கர் ஒட்ட விடுங்கள். பழைய கூலரை எடுத்துப் போகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள்: இந்த ப்ராசஸர் உட்காரும், 2021-ல் வந்த எல்ஜிஏ1700 சாக்கெட்டில் கூலரைத் திருகும் துளைகளின் இடைவெளி முந்தைய சாக்கெட்டைவிட அகலம், அதற்கான பிராக்கெட் (கூலரை மாட்டும் சட்டம்) தனியாக வேண்டும். மாட்டும் கூலிக்கும் சேர்த்து பில் வாங்குங்கள்.

நாங்கள் பில், பணம் அனுப்பிய விவரம், வீடியோ எல்லாவற்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.