வண்டிக்கு எச்சரிக்கை லைட்: எதை வாங்குவது, எதைக் கையால் செய்வது

திருகோணமலைப் பக்கம் இரவில் எச்சரிக்கை லைட் வேண்டியது மெதுவாகப் போகும் வண்டிகளுக்குத்தான். அறுவடை நேரம் தம்பலகாமம், கந்தளாய் வீதிகளில் நெல் மூட்டையோடு வரும் ட்ரக்டர் பெட்டி, வயல் மாறிப் போகும் வெட்டுமெசின், மூதூர்ப் பக்கம் வைக்கோல் ஏற்றிய லாண்ட்மாஸ்டர், ட்ரெயிலரில் கட்டி இழுக்கும் மீன்பிடி வள்ளம் என்று பட்டியல் நீளும். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் லொறி, 15இல் போகும் ட்ரக்டரை வினாடிக்கு 12 மீற்றருக்கு மேல் நெருங்குகிறது. 50 மீற்றரில்தான் கண்ணில் பட்டதென்றால் மிஞ்சுவது 4 வினாடி. இந்த லைட் வேலை செய்தே ஆகவேண்டும். ஒருநாள் எரிந்து மறுநாள் கைவிடும் லைட், லைட்டே இல்லாததைவிட ஆபத்து. இருக்கிறது என்று நம்பி ஓட்டுவார்கள்.

எல்.ஈ.டி. எச்சரிக்கை லைட்டில் மூன்று பகுதிகள் உண்டு: ஒளி தரும் தலை, அதை மின்ன வைக்கும் சுற்று, வயரிங். கடற்கரை ஊரில் முதலில் போவது தலை, அடுத்தது வயரிங். சுற்று பழுதாவது அபூர்வம். ஆனால் கையால் செய்பவர்கள் நேரத்தையெல்லாம் சுற்றில்தான் செலவழிக்கிறார்கள். நாம் சொல்வது இதுதான்: தலையை அடைத்து மூடியதாக வாங்குங்கள், சுற்றைச் செய்யுங்கள், வயரிங்குக்கு இரட்டிப்புக் கவனம் கொடுங்கள். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நிறத்தில் தெரிவு இல்லை. செம்மஞ்சள் மட்டும். மின்னும் நீலமும் சிவப்பும் பொலிஸுக்கும் அம்புலன்ஸுக்கும் உரியவை. அழகுக்காகப் போட்டால் மற்றச் சாரதி குழம்புவார், பொலிஸார் கழற்றவும் வைப்பார்கள். வெள்ளை எல்.ஈ.டி.க்கு மேல் செம்மஞ்சள் கண்ணாடி போடும் வழியும் வேண்டாம். ஒளியில் பெரும்பங்கு அந்தக் கண்ணாடியிலேயே நின்றுவிடும்.

ஒளித் தலை: நான்கு வழிகள்

ஒட்டும் ஸ்ட்ரிப்தான் எல்லோரும் முதலில் கை வைப்பது. விலை குறைவு, வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது. சிக்கல் வோல்ட்டில் இருக்கிறது. ஸ்ட்ரிப் சரியாக 12 வோல்ட்டுக்குச் செய்தது. எஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது 13.8 முதல் 14.4. சாதாரண வெள்ளை ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.ஈ.டி.க்கு 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. மூன்றும் சேர்ந்து 9.6 வோல்ட் எடுத்தால், 12 வோல்ட்டில் 16 மில்லி அம்பியர் ஓடும். 14.4இல் ஓடுவது 32, அதாவது நேர் இரட்டிப்பு. செம்மஞ்சள் ஸ்ட்ரிப்பில் ஏற்றம் இவ்வளவு இல்லை, ஏறக்குறைய 1.4 மடங்கு. அந்தச் சூடும் வெயிலின் சூடும் சேர்ந்தால் பசை விடும், மேலே ஊற்றிய சிலிக்கோன் மஞ்சளாகும், ஒரு துண்டு செத்து இடையில் இருள் விழும். ஸ்ட்ரிப்தான் போடுவேன் என்பவர் 1என்5408 டயோட் (மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் உதிரி) இரண்டைத் தொடராக வைத்து 1.4 வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளட்டும். அப்படியும் அது வெளிப்புறத்துக்கு ஏற்றதல்ல. பெட்டிக்குள் சாமான் தேட வெளிச்சம் என்றால் சரி.

இரண்டாவது, துளைபோட்ட போர்டில் 5 மில்லிமீற்றர் எல்.ஈ.டி.களைச் சோல்டர் பண்ணுவது. படிப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. செம்மஞ்சள் எல்.ஈ.டி. ஒன்று ஏறத்தாழ 2.1 வோல்ட் எடுக்கும். ஐந்தைத் தொடராகப் போட்டால் மின்சாரம் மிச்சம் என்று தோன்றும். கணக்கைப் போட்டால் நிலைமை தெரியும். நுழைவில் வைக்கும் 1என்5408 டயோட்டுக்கு 0.7 கழித்து, 14.4 வோல்ட்டில் 20 மில்லி அம்பியர் வரும்படி 160 ஓம் வைத்தால், எஞ்சினை நிறுத்திப் பற்றரி 12க்கு இறங்கியதும் 5 மில்லி அம்பியர்தான் ஓடும். பழுதாகி வீதியோரம் நிற்கிற நேரத்தில், லைட் மிக அவசியமான நேரத்தில், அது மங்கிப்போகிறது. நான்கு எல்.ஈ.டி.யும் 270 ஓமும் என்றால் 14.4இல் 19.6, 12இல் 10.7. நான்குதான் சரியான எண். கால் வாட் ரெசிஸ்டர் போதும். ஆறு வரிசை, 24 எல்.ஈ.டி., தலை ஒன்றுக்கு 120 மில்லி அம்பியர்.

வாங்கும்போது ஒளிக்கோணம் கேளுங்கள். 15 பாகை எல்.ஈ.டி. மேசையில் கண்ணைக் கூசவைக்கும், வளைவில் வரும் சாரதிக்கோ ஒன்றுமே தெரியாது. 30க்குக் குறையாமல் எடுங்கள். சோல்டர் பண்ணும்போது ஒரு காலில் 3 வினாடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள். எல்.ஈ.டி.யைப் போர்டோடு ஒட்ட உட்காரவைத்து அடியில் ஒரு துளி நடுநிலைச் சிலிக்கோன் விட்டால் அதிர்வில் கால் முறியாது. இவ்வளவும் செய்தாலும் இது இரவு லைட்தான். உச்சி வெயிலில் தெரியாது.

பகலிலும் தெரியவேண்டும் என்று 1 வாட் எல்.ஈ.டி.க்குப் போகிறவர்கள் சூட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். ரெசிஸ்டர் போதாது, மாறா மின்னோட்டம் தேவை. எல்எம்317 ரெகுலேற்றர் ஐ.சி. ஒன்றும் 3.6 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றும் போட்டால் 1.25 ÷ 3.6, ஏறத்தாழ 350 மில்லி அம்பியர் கிடைக்கும். தொடரில் மூன்று எல்.ஈ.டி.க்கு மேல் போடக்கூடாது. இந்தச் சுற்றுக்கே 3 வோல்ட் வரை வேண்டும். நான்காவதைச் சேர்த்தால் எஞ்சின் நின்றதும் ஒளி விழும். எல்எம்317 தானே 2 வாட் அளவு சூட்டை விடும், அதற்கும் அலுமினியம் வேண்டும். எல்.ஈ.டி.களுக்கு 2 மில்லிமீற்றர் தடிப்பில் 10க்கு 10 சென்ரிமீற்றர் தகடு. செம்மஞ்சள் எல்.ஈ.டி. சூடேறினால் வெள்ளையைவிட வேகமாக ஒளி இழக்கும் என்பதால் இங்கே கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. சூட்டை வெளியே விடவும் வேண்டும், உப்புக் காற்றை உள்ளே விடவும் கூடாது. கையால் செய்யும் பெட்டியில் இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதிப்பது கடினம்.

நான்காவது, லொறிகளின் பக்கத்தில் பூட்டும் அடைத்த செம்மஞ்சள் மார்க்கர் லைட். தொழிற்சாலையில் பிசின் ஊற்றி மூடியது. 10 முதல் 30 வோல்ட் வரை என்று எழுதியதாகப் பார்த்து எடுத்தால் 12 வோல்ட் ட்ரக்டருக்கும் 24 வோல்ட் லொறிக்கும் ஒரே லைட். பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு போட்டால் இரவுக்குத் தாராளம். இதைத்தான் பரிந்துரைக்கிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவேண்டாம், இரண்டு சோதனை செய்யுங்கள்.

முதலாவது மின்னோட்டச் சோதனை. மல்ரிமீற்றரைத் தொடராக வைத்து 12 வோல்ட்டிலும் 14 வோல்ட்டிலும் அளவெடுங்கள். வோல்ட் ஏற அம்பியரும் ஏறினால் உள்ளே வெறும் ரெசிஸ்டர். மாறாமல் நின்றால் மாறா மின்னோட்டச் சுற்று. குறைந்தால் சுவிச்சிங் சுற்று. மூன்றாவது வகை எரியத் தொடங்கச் சற்றுத் தாமதிக்கும், அணைந்த பின்னும் மினுக்கம் விடும். மின்ன வைத்துப் பார்த்துத் தெளிவாக வெட்டி வெட்டி எரிந்தால் மட்டும் எடுங்கள்.

இரண்டாவது தண்ணீர்ச் சோதனை. 20 நிமிடம் எரியவிட்டு, சூட்டோடே ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி 5 நிமிடம் வையுங்கள். உள்ளே இருந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்கும்போது சிறு துவாரம் இருந்தாலும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வாடை மழையில் ஓடும் வண்டியிலும் நடப்பது இதேதான். கண்ணாடிக்குள் ஈரப் புகை படர்ந்தால் அந்த லைட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

மின்ன வைப்பது: ரிலேயா, 555ஆ, கொன்ரோலரா

வண்டியில் ஏற்கனவே இருக்கும் இரண்டு பின் சூட்டுப் பிளாஷரில் எல்.ஈ.டி.யைக் கொடுத்தால் மின்னாது, நிலையாக எரியும். அது 21 வாட் பல்ப் இழுக்கும் மின்னோட்டத்தின் சூட்டில் இயங்குவது. இலத்திரனியல் வகையில் கொடுத்தால் பல்ப் போய்விட்டது என்று நினைத்து இரட்டை வேகத்தில் அடிக்கும். இதற்கு மருந்தாக விற்கும் 6 ஓம் 50 வாட் ரெசிஸ்டரை வாங்காதீர்கள். எரியும் நேரமெல்லாம் 30 வாட்டுக்கு மேல் வீணாக்கி, பக்கத்து வயரையும் உருக்கும்.

எல்.ஈ.டி.க்கென்றே வரும் மூன்று பின் பிளாஷர் ரிலே, சோல்டரிங் தெரியாதவருக்குச் சரியான தெரிவு. நேர்முனையை வெட்டி மின்ன வைப்பதால் எர்த்தைச் செசியில் (வண்டியின் உலோகச் சட்டத்தில்) எடுக்கும் லைட்டோடும் வேலை செய்யும், உதிரிப்பாகக் கடையில் மாற்றும் கிடைக்கும். குறை ஒன்று: நிமிடத்துக்கு ஏறத்தாழ 85 தடவை என்பது சிக்னல் லைட்டின் வேகம். தூரத்தில் வருபவர் திரும்பப் போகிறான் என்று எண்ணக்கூடும். செம்மஞ்சள் எச்சரிக்கை லைட்டுக்கு ஐரோப்பிய விதி கேட்பது வினாடிக்கு 2 முதல் 4 தடவை. அந்த 2தான் நல்லது. அதைவிட வேகம் இரவில் பின்னால் நெடுநேரம் வருபவருக்குத் தொல்லை.

நேரம் கணித்து விட்டு விட்டு மின் கொடுக்கும் 555 ஐ.சி. அந்த இடத்தை அழகாக நிரப்புகிறது. 7ஆம் காலிலிருந்து நேர்முனைக்கு 220 கிலோ ஓம், 7க்கும் 6க்கும் இடையில் 470 கிலோ ஓம், அதற்குக் குறுக்கே 1என்4148 டயோட் (கோடு போட்ட முனை 6 பக்கம்), 6ஐயும் 2ஐயும் இணைத்து அங்கிருந்து எர்த்துக்கு 1 மைக்ரோபராட் பொலியெஸ்டர் கொண்டென்சர். வினாடிக்கு ஏறத்தாழ 2 தடவை மின்னும், மூன்றில் ஒரு பங்கு நேரமே எரியும். பற்றரிக்கும் மிச்சம், லைட்டும் சூடாகாது. எலெக்ரோலைட்டிக் கொண்டென்சர் போட்டால் எஞ்சின் சூட்டில் காய்ந்து ஒரு வருடத்துக்குள் வேகம் மாறத் தொடங்கலாம். 4ஆம் காலை நேர்முனையில் கட்டுங்கள். சும்மா விட்டால் காரணமில்லாமல் நின்று நின்று அடிக்கும். 5இல் 10 நனோபராட். 3ஆம் காலிலிருந்து 100 ஓம் வழியாக லைட்டுக்குச் சுவிச்சாக நிற்கும் ஐஆர்எஃப்இசட்44என் மொஸ்ஃபெட்டின் கேட் காலுக்கு, கேட்டிலிருந்து எர்த்துக்கு 10 கிலோ ஓம்.

555 தாங்குவது 16 வோல்ட். எஞ்சின் ஓடும்போது துருப்பிடித்த பற்றரி முனை ஒரு கணம் விட்டால் ஒல்டர்னேற்றர் பல பத்து வோல்ட்டை எறியும், ஐ.சி. அத்தோடு சரி. ஆகவே நுழைவில் 1என்5408 டயோட், அதன் பின் எர்த்துக்கு 1.5கேஈ30ஏ பாதுகாப்பு டயோட், 555க்கு மட்டும் 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டரும் 12 வோல்ட் 1 வாட் செனர் டயோட்டும் 100 மைக்ரோபராட்டும். நுழைவில் ஐந்தே உதிரி, விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். இந்த அளவுகள் 12 வோல்ட் வண்டிக்கு. 24 வோல்ட் லொறியில் இதே போர்டைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு பொறி: மொஸ்ஃபெட் வெட்டுவது எர்த் பக்கத்தை. உலோக உடலோடு எர்த் சேர்ந்த லைட்டைச் செசியில் பூட்டினால் அது மின்னாமல் நின்று எரியும். இரண்டு வயரும் தனித்தனியாக வரும் லைட்டே இதற்கு வேண்டும்.

ஆர்டுயினோ நனோ என்ற சிறு கொன்ரோலர் போர்டில் இரட்டை மின்னல், இடம் வலம் மாறி மாறி என எதையும் எழுதலாம். ஆனால் அதை 14 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் சிறு ரெகுலேற்றர் கொதிக்கும், இடையில் வோல்ட்டைக் குறைக்கும் எல்எம்2596 மொடியூல் ஒன்றை 5 வோல்ட்டில் வைக்கவேண்டும். ஸ்ராட்டர் அடிக்கும்போது பற்றரி 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். வயரிங் சரியில்லையென்றால் அதில் கொன்ரோலர் தொங்கிப்போகும். இரண்டு லைட்டை மின்ன வைக்க இவ்வளவு தேவையில்லை. நடு வயலில் நின்றால் பக்கத்துக் கராஜ்காரரால் 555 போர்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும் என்பதும் எங்கள் கணக்கில் பெரிய விஷயம்.

வயரிங்

பற்றரி நேர்முனையிலிருந்து 15 சென்ரிமீற்றருக்குள் 3 அம்பியர் பியூஸ். வண்டியின் பழைய லைட் வயரில் ஒட்டுப்போடாமல் தனி வயர் இழுங்கள், 0.75 சதுர மில்லிமீற்றர் போதும். 3 மீற்றர் போய் 3 மீற்றர் திரும்பி 2 அம்பியர் ஓடினாலும் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். படகுக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தே வாங்குங்கள். சாதாரணச் செம்பு, பச்சை பிடித்து உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது.

ட்ரக்டர் பெட்டிக்கு எர்த்தை இழுவை முளை வழியாக எடுக்காதீர்கள். முளையும் துளையும் கிரீஸும் துருவும் நிறைந்தவை, குலுங்கக் குலுங்க லைட் விட்டு விட்டு எரியும், ஆட்கள் போர்டைக் குறை சொல்வார்கள். பெட்டிக்குத் தனி எர்த் வயர் கட்டாயம்.

அடைக்கும்போது வினாகிரி மணம் அடிக்கும் சிலிக்கோனை மின்வேலைக்குத் தொடக்கூடாது. அந்த அமிலம் செம்பையும் சோல்டரையும் தின்னும். நடுநிலை வகை என்று கேட்டு வாங்குங்கள். வயர் லைட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டால் மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப் போய்விடும். போர்டுப் பெட்டியின் அடியில் 3 மில்லிமீற்றர் துளை ஒன்று விடுங்கள். வேர்க்கும் ஈரம் வெளியேற வழி வேண்டும்.

லைட்டுகளைப் பெட்டியின் அகலத்தின் இரு ஓரங்களிலும், சிக்னல் லைட்டுக்கு ஒரு சாணாவது தள்ளிப் பூட்டுங்கள். வைக்கோல் ஏற்றினால் மறைந்துபோகும் உயரத்தில் பூட்டிப் பயனில்லை. கூடவே ஒளி தெறிக்கும் ரேப்பும் ஒட்டுங்கள்; பியூஸ் போன இரவில் அது மட்டும்தான் வேலை செய்யும்.

பற்றரியே இல்லாத லாண்ட்மாஸ்டரில் டைனமோ வயரில் கொடுக்கவேண்டாம், எஞ்சின் வேகத்தோடு வோல்ட் ஏறி இறங்கும். 12 வோல்ட் 7 அம்பியர் மணி அடைத்த பற்றரி ஒன்று வையுங்கள். சராசரி 0.3 அம்பியர் இழுத்தால், பாதி வரை மட்டும் இறக்கினாலும் 11 மணித்தியாலம் ஓடும். வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போடவேண்டும், பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அந்தப் பற்றரி நெடுநாள் வராது.

எல்லாம் பூட்டியபின் லைட் எரியும் கணத்தில் பற்றரி முனைகளில் ஒரு அளவும் கடைசி லைட்டின் முனைகளில் ஒரு அளவும் எடுங்கள். மின்ன விட்டு அளந்தால் மீற்றர் தடுமாறும். 555இன் 2ஆம் காலைத் தற்காலிகமாக எர்த்தில் தொட்டு நிலையாக எரியவைத்து அளக்கலாம். நுழைவில் உள்ள 1என்5408 டயோட்டுக்கு 0.7 முதல் 0.9 வரை போகும். வித்தியாசம் 1.4 வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ ஒரு இணைப்பு சரியில்லை. எர்த் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குங்கள்.