பின்சக்கர அலைன்மெண்ட் சாமான்கள்: நாலு வருஷம் கழித்து

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் இதை அலைன்மெண்டுக்கு (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்ய) கொண்டுபோனால், முன்பக்கத்தை மட்டும் திருகிவிட்டு "பின்னால அட்ஜஸ்ட் பண்ண ஒண்ணும் இல்ல அண்ணே" என்பார்கள். குறை சொல்ல முடியாது, அவர்கள் நாளெல்லாம் பார்ப்பது மைவி என்ற சின்னக் கார், அதன் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்பு உத்திரம், திருக ஒன்றும் இருக்காது. என் காரில் நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம் தனியாகப் பிடித்திருக்கும். பின்னால் ஒவ்வொரு லோவர் ஆர்மிலும் (கீழ் ஆர்ம்) இரண்டு கேம் போல்ட், திருப்பினால் ஆர்மின் அந்த முனை உள்ளேயோ வெளியேயோ நகரும். இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்தினால் கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு) மாறும், எதிரெதிராக நகர்த்தினால் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) மாறும். சரி, நாமே செய்வோம் என்று சாமான் தேடத் தொடங்கினேன்.

ஆன்லைனில் வாங்கிய டிஜிட்டல் கோணமானி இன்னும் நன்றாக உழைக்கிறது, பேட்டரியைத்தான் குடிக்கும். டோ அளக்கச் சக்கரத்தில் ஒட்டி வைக்கும் அலுமினிய டோ பிளேட் வீண் செலவு. மெல்லிசாக இருந்ததால் ஒரே வருஷத்தில் வளைந்துவிட்டது. இப்போது காரின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஜாக் ஸ்டாண்டுக்கு நடுவே தூண்டில் நரம்பைக் கட்டி, ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நரம்புவரை இரும்பு ஸ்கேலால் அளக்கிறேன். 14 அங்குல ரிம்மில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 10 நிமிடக் கோணம் (60 நிமிடம் ஒரு டிகிரி), வீட்டு வேலைக்கு அது போதும். முதல் தடவை நாலு சக்கர நடுவிலிருந்தும் நரம்பு ஒரே தூரத்தில் இருக்கும்படி கட்டிவிட்டேன். இந்தக் காரில் இடது, வலது பின்சக்கரங்களுக்கு இடையிலான தூரம் முன்பக்கத்தைவிடச் சற்று அதிகம், அதனால் நரம்பு சாய்ந்து, இல்லாத டோ-அவுட்டை (சக்கரத்தின் முன்விளிம்பு வெளியே திரும்பியிருப்பது) காட்டியது. இடமும் வலமும்தான் சமமாக இருக்க வேண்டும், முன்னும் பின்னும் அல்ல. அது புரிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

போர்ச்சில் தரை மழைத்தண்ணீர் வடிய சரிவாகப் போட்டிருக்கும், ஆகவே ஒளி புகும் ரப்பர் குழாயில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, டயருக்கு அடியில் பழைய ஓடு அடுக்குவேன். ஓட்டுபவர் எடைக்குத் தோட்டத்தில் வேலை செய்யும் மச்சானிடம் வாங்கிய 50 கிலோ உர மூட்டையும் வீட்டு அரிசி 20 கிலோவும் சீட்டில் ஏறும். (இதற்கு என் மனைவி சொல்வதை இங்கே எழுத முடியாது.)

இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி போல்ட்தான். கேம் போல்ட், ஆர்ம் முனையில் அது நுழையும் புஷ் என்ற உறையின் இரும்புக் குழலோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. எண்ணெய் அடித்தேன், சூடு வைத்தேன், நீளப் பைப் மாட்டி முறுக்கினேன், தலைதான் மழுங்கியது. கடைசியில் ஆர்ம் பூட்டியிருக்கும் சட்டமான சப்ஃபிரேமுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ரம்பத் தகட்டை விட்டு அறுத்து, ஆர்மைக் கழற்றி, புஷ்ஷும் மாற்றினேன். ஹாஃப் கட் கடையில் (பழைய கார் சாமான் விற்கும் கடை) போல்ட் கிடைக்கும்தான், ஆனால் அதுவும் துருவேறியதாக இருக்கும், புதிதாக வாங்கிவிடுங்கள். நான் வாங்கியதில் உருப்படியானது ஒரு டப்பா செம்பு கிரீஸ்தான், புதுப் போல்ட்டில் தாராளமாகப் பூசினேன். ரப்பர் புஷ் என்றால் இறுதி முறுக்கைக் கார் தரையில் நிற்கும்போதே கொடுங்கள், தூக்கி வைத்து முறுக்கினால் ரப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

போன மாதம் செம்பனை லோரி கிண்டிய குழியில் இடது பின்சக்கரம் இறங்கியது. வீட்டில் அளந்தால் டோ 1 மில்லிமீட்டர் விலகியிருந்தது. நட்டைத் தளர்த்தி, சாதா ரிங் ஸ்பானரை வைத்துத் திருப்பினேன், முனகல்கூட இல்லாமல் திரும்பியது.