பழைய கொரோலாவின் பின் லைற்: பதினொரு வருடக் கணக்கு

உடையார்கட்டில் ஒரு தேத்தண்ணிக் கடையடியில் காரை நிற்பாட்டியபோது, பின்னால் வந்த லொறிக்கார அண்ணை இறங்கி வந்து சொன்னார்: “தம்பி, நீங்கள் பிறேக் பிடிக்கேக்க வலப்பக்கச் சிக்னல் மங்கலா எரியுது. திரும்பப் போறீங்களாக்கும் எண்டு ரெண்டு தரம் ஒதுங்கினனான்.”

கார் 1993 ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா. 2014 இல் வவுனியாவில் வாங்கினேன். லொறிக்கார அண்ணை சொன்னது வாங்கி ஒன்றரை வருடத்தில். அதுவரை பின் லைற்றைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. எஞ்சின் ஒயில், ரேடியேற்றர் தண்ணீர், டயர்க் காற்று எல்லாம் பார்ப்பேன். பின்னுக்கு என்ன எரிகிறது என்று ஓடுகிறவனுக்குத் தெரியாதே! வருட லைசன்ஸ் எடுக்கப் போனாலும் காருக்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும்தான் கேட்பார்கள். பின் லைற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அன்று நான் செய்தது எல்லோரும் செய்வதைத்தான். பல்பை மாற்றினேன். சரிவரவில்லை. இன்னொரு பல்ப் வாங்கி மாற்றினேன். அதுவும் அப்படியே. கடைசியில் பழைய பல்பையே திரும்பப் போட்டுக்கொண்டு, விசுவமடுவில் வயரிங் வேலை செய்யும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். தொண்ணூறுகளில், யுத்தத்தால் பெற்றோல் தடையாக இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் ஓட்டியவர். பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். “அந்த நேரம் இரவில பின்னுக்கு லைற் எரிஞ்சால்தான் பயம், மேல பிளேன் நிக்கும். இப்ப எரியாட்டிப் பயம்” என்று சிரித்துக்கொண்டே டிக்கிக்குள் தலையை விட்டார்.

வோல்ற் அளக்கும் மீற்றரின் ஒரு வயரைப் பல்ப் ஹோல்டரின் உலோகத்திலும், மற்றதைப் பெயின்ற் சுரண்டிய காரின் உடம்புத் தகட்டிலும் வைத்துவிட்டு, “பிறேக்கை மிதி” என்றார். எர்த், அதாவது பல்பை உடம்புத் தகட்டோடு சேர்க்கும் இணைப்பு, சரியாக இருந்தால் மீற்றர் கிட்டத்தட்ட பூச்சியம் காட்ட வேண்டும். அது 4 வோல்ற்றுக்கு மேல் காட்டியது. டிக்கிக் கம்பளத்தைக் கிளப்பினால், எர்த் வயர் வந்து முடிகிற போல்ற் செம்மண் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. பத்துச் சாவியால் கழற்றி, வளையத்தையும் தகட்டையும் சாண்ட்பேப்பரால் மினுங்கத் தேய்த்து, இறுக்கிவிட்டு மேலே வசிலின் பூசினார். திரும்ப அளந்தால் 0.05. பல்ப் எதுவும் மாற்றவில்லை. நான் வாங்கிய இரண்டு பல்பையும் கையில் தந்து, “வச்சிருங்கோ, தேவைப்படும்” என்றார்.

விசயம் இதுதான். பிறேக் பல்புக்குப் போன மின்சாரம் உடம்புத் தகடு வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அந்த வழி துருவால் அடைபட்டால், அது பக்கத்துச் சிக்னல் பல்பினூடாகவும் பார்க் லைற்றின் இழையினூடாகவும் வழி தேடும். அதனால்தான் பிறேக் அடிக்கச் சிக்னல் மங்கலாக எரிகிறது, சில கார்களில் மீற்றர்ப் பலகையில் கூட வெளிச்சம் தெரிகிறது. ஒன்றை அழுத்த இன்னொன்று எரிந்தால் பல்புக் கடைக்குப் போகாதீர்கள், எர்த்தைப் பாருங்கள். இந்தப் பதினொரு வருடத்தில் என் காருக்கு வந்த பின் லைற் வருத்தம் பத்தில் ஏழு எர்த்தாலும் ஹோல்டர்த் துருவாலும்தான்.

ஏன் இவ்வளவு துரு என்றால், நான் ஓடும் பாதை அப்படி. கோடையில் ஏ35 என்ற பரந்தன்–முல்லைத்தீவு வீதியை விட்டு உள்ளே இறங்கினால் கிரவல் வீதி, புழுதி மாவாய்ப் பறக்கும். மாரியில் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும். நந்திக்கடல் பக்கத் தண்ணீர், உப்பு. அதில் ஓடிவிட்டு வந்தால் அடுத்த நாள் பின்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுவேன். முதல் இரண்டு மாரி கழுவவில்லை. பலனைத்தான் மேலே சொன்னேன்.

லைற்றுக்குள் தண்ணீர் நின்ற கதை தனி. 2017 மாரியில் இடப்பக்க லென்சுக்குள் மீன்தொட்டி மாதிரிக் கால்வாசி தண்ணீர். பின்னால் இருக்கும் பஞ்சு றபர் இறுகிப் பொடியாகிப் போயிருந்தது. அதோடு கீழே இருந்த சின்ன வடிகால் துளையை யாரோ ஒரு குளவி மண் வைத்து அடைத்திருந்தாள். நான் அவசரப்பட்டு வீட்டில் கிடந்த சிலிக்கோனைப் பிதுக்கி அடைத்தேன். பிதுக்கும்போதே வினாகிரி மணம் வந்தது. அந்த மணம் வரும் சிலிக்கோன் காயும்போது அமிலம் விடும், செம்பு வயரையும் ஹோல்டரையும் பச்சை பிடிக்க வைக்கும். அடுத்த வருடம் அதையே சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. இப்போது மணமில்லாத வகையோ, கயிறு மாதிரி வரும் பியூட்டைல் பசையோதான். சிலர் கீழே புதிதாக ஓட்டை போடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. இருக்கிற துளையை ஈர்க்கிலால் குத்தித் திறந்தாலே போதும்.

பல்ப் மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் ஒரு கவனம். பிறேக்கும் பார்க்கும் ஒரே பல்பில் இருக்கும், 21 வாற் ஒரு இழை, 5 வாற் ஒரு இழை. அடியில் இருக்கும் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இல்லை, ஒரு பக்கமாகத்தான் போகும். மலிவான பல்புகளில் அந்த முளை மென்மையானது. அழுத்தித் திருகினால் மாறியும் போய் உட்கார்ந்துவிடும். எனக்கு அப்படி ஆனது. பார்க் போட்டால் 21 வாற் இழை மணிக்கணக்கில் எரிந்தது. ஒரு இரவு கிளிநொச்சியிலிருந்து வந்து டிக்கியைத் திறந்தால் பிளாஸ்ரிக் தீய்ந்த மணம், ஹோல்டரின் ஓரம் கபில நிறமாய் உருகியிருந்தது. அன்றிலிருந்து பல்பைப் போட்டால் பார்க் மங்கலாகவும் பிறேக் பளிச்சென்றும் வருகிறதா என்று பார்க்காமல் மூடுவதில்லை.

எல்ஈடி பல்ப்? போட்டுப் பார்த்தேன், சரி. ஏழு மாதம். சிவப்பு லென்சுக்குள் வெள்ளை எல்ஈடி போட்டால் வெளிறிய ரோஸ் நிறம்தான் வரும், சிவப்பு எல்ஈடிதான் வாங்க வேண்டும். சிக்னலுக்குப் போட்டால், பல்ப் பியூஸ் போய்விட்டது என்று, சிக்னலை விட்டுவிட்டு எரிய வைக்கும் பழைய பிளாஷர் நினைத்துக்கொண்டு படபடவென்று அடிக்கும். மின்சாரம் மிச்சமாகும் என்பார்கள். காரில் அதை மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுப்பது? கழற்றி மகனின் சைக்கிள் பெட்டியில் போட்டேன்.

பெரிய செலவு 2021 இல் வந்தது. முரசுமோட்டையில் இரவு ஒரு கட்டாக்காலி மாட்டுக்காகப் பிறேக் அடிக்க, பின்னால் வந்த லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) வந்து முட்டியது. வலப்பக்க லென்ஸ் நொறுங்கியது. நல்ல காலம், மாட்டுக்கும் மனிதருக்கும் ஒன்றும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் எல்லோரும் பழையதையே கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த நேரம், பாவித்த சாமானுக்குக் கேட்டதுதான் விலை. அவசரத்துக்கு ஒரு கடையில் புது லென்ஸ், ஒரிஜினல் இல்லாத கொப்பி, வாங்கினேன். பூட்டும்போதே வலப்பக்கம் இரண்டு மில்லிமீற்றர் தள்ளி நின்றது. ஒரே வருட வெயிலில் சிவப்பு செம்மஞ்சளாக வெளுத்தது. பிறகு கொழும்புக்குப் போன மச்சானிடம் சொல்லி, பஞ்சிகாவத்தையில் யப்பானிலிருந்து வந்த பழைய சோடி ஒன்று எடுப்பித்தேன். லென்சின் ஓரத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், அதே மொடலிலும் வருடத்துக்கு வருடம் வடிவம் மாறியிருக்கும். இரண்டையும் சேர்த்து வாங்குங்கள், ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் நிறம் பொருந்தாது.

முப்பது வருடம் பழைய அந்த லென்ஸ் இன்றைக்கும் கொப்பியை விட நல்ல சிவப்பு. கழுவச் சோப்புத் தண்ணீர் மட்டும். பெற்றோலோ தின்னரோ பட்டால் லென்சின் அக்ரிலிக் பிளாஸ்ரிக் உள்ளுக்குள் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். உடைந்த இடத்தில் சிவப்பு ரேப் ஒட்டி ஓடுகிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டு மழைக்கு அது உரிந்து வெள்ளை வெளிச்சம் வரும், பின்னால் வருபவருக்கு அது ரிவர்ஸ் லைற்.

வலப்பக்கத்தை மட்டும் ஒருபோதும் அணைய விடாதீர்கள். இடப்பக்கம் மட்டும் எரிந்தால் பின்னால் வருபவர் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நெருங்கி முந்துவார். ஏ35 இல் இரவு எட்டு மணிக்குப் பிறகு தெருவிளக்கு இல்லாத துண்டுகளில் அவருக்குத் தெரிவது அந்த ஒரு சிவப்பு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் காரை வீட்டு வெள்ளைச் சுவரோடு பின்பக்கமாக நெருக்கி நிற்பாட்டி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டு பிறேக்கை மிதிப்பேன். சுவரில் இரண்டு சிவப்பு வட்டம் ஒரே அளவில் விழ வேண்டும். போன கிழமை இடது வட்டம் கொஞ்சம் சின்னனாகத் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தது. ஐயா “வச்சிருங்கோ” என்று தந்த இரண்டில் மிஞ்சிய கடைசிப் பல்பைப் போட்டேன்.