டபிள்யு.டபிள்யு.டி.சி: நேரில் போகணுமா, வீட்டிலிருந்தே போதுமா?

டபிள்யு.டபிள்யு.டி.சி என்பது ஆப் உருவாக்கும் டெவலப்பர்களுக்காக ஆப்பிள் ஜூன் மாதம் நடத்தும் மாநாடு. அதற்கு 2019 வரை டிக்கெட் 1,599 டாலர். 2020 முதல் ஆன்லைனில் எல்லோருக்கும் இலவசம். 2022 முதல், குலுக்கலில் பேர் விழுந்தால் கலிஃபோர்னியாவின் குப்பர்டினோவில் உள்ள ஆப்பிள் தலைமையகமான ஆப்பிள் பார்க்குக்கும் போகலாம். நுழைவுக்குக் காசில்லை, விமானமும் அறையும் நம் செலவு. அங்கே பெரிய திரையில் ஓடுவதும் ஆன்லைனில் வரும், பதிவுசெய்த அதே கீநோட்தான், அதாவது தொடக்க உரைதான். இன்ஜினியர்களைப் பிடித்து நேரில் கேட்க முடிவதே லாபம்.

கீநோட் இந்திய நேரப்படி இரவு 10:30-க்கு. அது ஊர் உலகத்துக்கு. டெவலப்பர்களான நமக்கு வேண்டியது, புது வசதிகளைத் தொழில்நுட்ப ரீதியில் விளக்கும், பின்னிரவு 1:30-க்கு வரும் 'பிளாட்ஃபார்ம்ஸ் ஸ்டேட் ஆஃப் தி யூனியன்'. தூக்கத்தைக் கெடுக்காமல் காலையில் பார்க்கலாம். ஒவ்வொரு தலைப்பையும் தனியாக விளக்கும் செஷன் வீடியோக்கள்தான் உண்மையான சரக்கு. ஆப்பிளின் டெவலப்பர் ஆப்பில் பார்த்தால், திரையில் வரும் புரோகிராம் வரிகளை அப்படியே காப்பி செய்துகொள்ளலாம்.

புது ஐஓஎஸ்ஸின் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, கீநோட் அன்றே வந்துவிடும். அன்றாடம் புழங்கும் போனில் போடாதீர்கள். பழைய ஐஓஎஸ்ஸுக்குத் திரும்ப போனை முழுசாக அழிக்க வேண்டும். பீட்டாவில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாது. எக்ஸ்கோட் (ஆப் உருவாக்கும் ஆப்பிள் மென்பொருள்) பீட்டாவில் பில்ட் செய்ததை டெஸ்ட்ஃப்ளைட்டில் (ஆப்பைச் சோதிப்பவர்களுக்குக் கொடுக்கும் சேவை) விடலாம், ஆப் ஸ்டோரில் வெளியிட முடியாது. பக் (பிழை) கண்டால் சிஸ்டயக்னோஸ் (போனின் பதிவுகளைத் திரட்டும்) கோப்பை இணைத்து ஜூனிலேயே, ஆப்பிளிடம் பிழைகளைச் சொல்லும் ஃபீட்பேக் அசிஸ்டன்ட்டில் போட்டுவிடுங்கள். ஆகஸ்ட் தாண்டினால் செப்டம்பர் வெளியீட்டுக்குள் சரியாவது சந்தேகம்.