டெய்லர் கே-2006 சோதனைப் பெட்டி: பினாங்கு வீட்டுக் குளத்தில் மூன்று வருடங்கள்

எங்கள் வீடு தண்ணீர்மலைக்குப் பக்கத்தில். பின்புறம் மொசைக் பதித்த சின்ன நீச்சல் குளம் இருக்கிறது. எட்டு மீட்டர் நீளம், சுமார் 36,000 லிட்டர். மூன்று வருடமாக அந்தத் தண்ணீரை நானே சோதித்து நானே மருந்து போடுகிறேன்.

அதற்கு முன்பு வாரம் ஒருமுறை ஒருவர் வந்து மிதவையில் குளோரின் மாத்திரை போட்டுவிட்டுப் போவார். அந்த அக்டோபர் மழையில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. அவர் வைத்திருந்த சின்னக் குழாயில் மருந்தைச் சொட்டினால் நல்ல மஞ்சள் நிறம் வந்தது, அதாவது குளோரின் இருக்கிறது. "இன்னும் ரெண்டு மாத்திரை சேர்த்துப் போடலாம் அண்ணே" என்றார். போட்டோம். மஞ்சள் ஏறியது, பச்சை இறங்கவில்லை.

அப்புறம்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். முதல் நாள் வந்த எண்கள் இன்னும் என் நோட்டில் இருக்கின்றன. குளோரின் 3 (பிஎச் தவிர மற்ற அளவெல்லாம் பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு). தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச், அளவுகோலின் கடைசிக் கட்டமான 7.0-க்கும் கீழே. பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கும் ஆல்கலினிட்டி 40. ஸ்டெபிலைசர் என்று கடையில் சொல்லும் சயனூரிக் அமிலம் அளவுகோலுக்குள்ளேயே அடங்கவில்லை. குழாய்த் தண்ணீரைச் சரிபாதி கலந்து அளந்தேன். 80 வந்தது, அப்படியானால் குளத்தில் 160.

பச்சைக்குக் காரணம் அந்த 160-தான். வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது ஸ்டெபிலைசர். அது துளியும் இல்லாவிட்டால் நம் ஊர் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். ஆனால் அளவு கூடினால் அதுவே குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்ய விடாது. ஸ்டெபிலைசரில் ஏழரை சதவீதமாவது குளோரின் இருக்க வேண்டும் என்பது நான் பின்பற்றும் கணக்கு. 160-க்கு 12 வேண்டும், என்னிடம் இருந்தது 3. மாத்திரைக்குள்ளேயே ஸ்டெபிலைசர் இருக்கிறது என்பதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. 200 கிராம் மாத்திரை ஒன்று என் குளத்தில் ஏறக்குறைய 3 ஏற்றும். குளோரின் தீர்ந்துவிடும், இது தங்கிவிடும். அதோடு மாத்திரை அமிலத்தன்மை உள்ளது, அதனால்தான் பிஎச் விழுந்து மொசைக் இடுக்குப் பூச்சு அரித்திருந்தது.

ஸ்டெபிலைசரைக் குறைக்கத் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. முழுக்க இறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும், காலிக் குளத்தை அடியிலிருந்து தூக்கிவிடக்கூடும். மூன்றில் ஒரு பங்கை இறக்கி நிரப்புவது, நன்றாகக் கலந்தபின் மறுபடி இறக்குவது என்று மூன்று தடவை செய்தேன். 160 என்பது 107, 71, கடைசியில் 47 அளவுக்கு வந்தது. ஆல்கலினிட்டியை 80-க்கு ஏற்ற ஆப்ப சோடா போதும், சுமார் 2.4 கிலோவை இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டேன். குளோரினை ஏற்றிப் பிடித்து, சுவரைத் தேய்த்து, வடிகட்டியை ஓடவிட்டதில் நான்காம் நாள் அடித்தளத்துக் கோடு தெரிந்தது. என் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இப்போது மாத்திரையே கிடையாது. வெயில் சாய்ந்தபின் திரவக் குளோரின் ஊற்றுகிறேன். 10 சதவீத மருந்து ஒரு லிட்டருக்கு என் குளத்தில் 2.8 ஏறும். பெரும்பாலான நாள் ஒரு லிட்டர் போதும்.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது குளோரின் சோதனை. 10 மில்லி தண்ணீரில் பொடி போட்டால் இளஞ்சிவப்பு வரும், நிறம் மறையும்வரை சொட்டு எண்ண வேண்டும். ஒரு சொட்டுக்கு 0.5. நிறத்தை ஒப்பிட்டு ஊகிக்கும் வேலையே இல்லை. அதே குழாயில் தொடர்ந்து இன்னொரு மருந்தைச் சேர்த்தால் வேர்வை, சிறுநீரோடு கூடிவிட்ட குளோரின் எவ்வளவு என்றும் தெரிந்துவிடும். தைப்பூசத்துக்கு உறவினர் பிள்ளைகள் வந்து நாள் முழுக்கக் குளித்தபோது வாடை அடித்தது. "குளோரின் ரொம்பப் போட்டுட்டியா தம்பி?" என்று அக்கா கேட்டார். அளந்தால் அப்படி வேர்வை, சிறுநீரோடு சேர்ந்துபோன குளோரின் மட்டும் 1.5. வாடை வந்தது அதிலிருந்துதான். அன்று ராத்திரி இன்னும் குளோரின் ஊற்றித்தான் அதைப் போக்கினேன்.

குறை என்று சொன்னால் ஸ்டெபிலைசர் சோதனை. மருந்து சேர்த்துக் கலங்கிய தண்ணீரைக் குழாயில் ஊற்ற ஊற்ற, அடியிலுள்ள கறுப்புப் புள்ளி எப்போது மறைகிறது என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. வெளியே, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தால்தான் எனக்கு ஒரே எண் திரும்ப வருகிறது. அந்த மருந்தும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. மருந்துகளை பம்ப் அறைச் சூட்டில் வைக்காதீர்கள், வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய மாத்திரை மிச்சமிருந்தால் குளோரின் தூளோடு ஒரே வாளியில், ஒரே கரண்டியில்கூடச் சேர விடாதீர்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அமிலம் கரைக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல.

போன வாரம் ஸ்டெபிலைசர் 40, பிஎச் 7.5. மழை பிடிப்பதற்குள் ஆல்கலினிட்டியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். போன வருடம் தொடர் மழையில் அது 60-க்கு இறங்கிவிட்டது.